பின்னணியில் எதுவும் ஓட வேண்டாம்

எனக்கு மெதுவான போன் பிடிக்காது. தொட்டால் திறக்க வேண்டும், அவ்வளவுதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஒரே நேரத்தில் மூன்று பேர் என் முன்னால் வந்து நிற்பார்கள். ஒருவருக்குக் கன்னம் வீங்கியிருக்கும், இன்னொருவர் அழுகிற குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் போய் போன் யோசித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது, நீங்களே சொல்லுங்கள் மேடம்.

என் எரிச்சலைப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எனக்கு அந்த வழியைக் காட்டினாள். எங்கள் இடத்தில் பல்லைப் படம் எடுக்கிறவள் அவள். அந்தப் பெயர் வேலையால் மட்டும் வந்ததில்லை. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். என் வீட்டில் நடந்ததை மட்டும் அவள் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

"இங்க குடு. இதுக்குள்ள பூட்டி வச்ச ரூம் ஒண்ணு இருக்கு, தெரியுமா உனக்கு?" என்று என் போனை வாங்கிக்கொண்டாள். செட்டிங்ஸுக்குள் போய், அடிமட்டத்தில் போனைப் பற்றிய விவரங்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். அங்கே யாரும் படிக்காத நீளமான எண் ஒன்று இருக்கும், பில்ட் நம்பர் என்று. அதை ஏழு தடவை தட்டினாள். 'நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்' என்று போன் சொன்னது.

"இத்தனை வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், ஒரு பதவி உயர்வு கிடைக்கல. ஏழு தட்டுல குடுத்துட்டாங்களே" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரே எட்டிப் பார்த்தார்.

அதுவரை இல்லாத ஒரு பட்டியல் செட்டிங்ஸில் வந்து உட்கார்ந்திருந்தது. தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பாதி என்னவென்றே புரியவில்லை. எக்ஸ்ரே அதில் அசைவு வேகம் என்று இருந்ததை மட்டும் மாற்றிக்கொடுத்தாள். போன் துள்ளிக் குதித்துத் திறந்தது. "மத்ததுல கை வைக்காத, தாயே. தெரியாததத் தொட்டா அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஏதோ திட்டம் போட்டு இதைக் கற்றுக்கொண்டதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. போன் வேகமாக வேண்டும் என்று கற்றுக்கொண்டது அது.

அன்று சாயங்காலமே அப்பாவின் போனுக்கும் அதைச் செய்துகொடுத்தேன். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு, நடை, தூக்கம் எல்லாமே பஸ்தான் அவருக்கு. வீட்டை விட்டு நாங்கள் இருவரும் கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டு "ரைட், போலாம்" என்பார். என்னை மேனேஜர் என்று கூப்பிடுவார். மருந்து, சாப்பாடு, டாக்டர், துணி, எல்லாம் என் பொறுப்பு என்பதால். அன்று வேகமான போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேனேஜர், பழைய வண்டிக்குப் புது இன்ஜின் போட்டுட்டியே" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சந்தோஷப்பட்டால் எனக்கும் சந்தோஷம். அதில் பொய் எதுவும் இல்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தது, நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அப்பா எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். பிறகு அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குச் சர்க்கரை அதிகமாகி இன்சுலின் ஊசிக்கு வந்த பிறகு நான் வெளியூர் போனதில்லை, சினிமாவுக்குப் போனதில்லை. யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நானாகத்தான் போகவில்லை.

சென்சாரைப் பற்றிக் கேட்டீர்கள். கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்கிற பொத்தான் அளவுச் சாமான் அது. உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ரொம்ப இறங்கினால் போன் கத்தும். அப்பாவுக்கு அது முக்கியம், ஏனென்றால் இறங்குவது அவருக்கே தெரியாது. மற்றவர்களுக்கு முன்கூட்டியே படபடப்பு வரும், கை நடுங்கும். இவருக்கு வருடக்கணக்கில் சர்க்கரை இருந்து இருந்து அந்த எச்சரிக்கை எல்லாம் போய்விட்டது. மத்தியானம் ஊசி போட்டுக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் படுத்துவிடுவார். அப்போது இறங்கும். பஸ் பின்னால் எடுக்கும்போது வருகிற சத்தத்தைத்தான் அலாரமாக வைத்திருந்தார். அது கத்தினால் தூக்கத்திலிருந்து எழுந்து, "பின்னாடி யாரும் இல்லையே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பழச்சாறு குடிப்பார். அவர் போன் வழியாக அந்த விவரம் என் போனுக்கும் வரும். அவர் போன் பேசாவிட்டால் எனக்கும் எதுவும் வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆப்பை இரண்டு போனிலும் போட்டதே நான்தான்.

தையல்காரம்மாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவரே அவர்தானே.

அப்பா இளைத்துப்போனதால் பேன்ட் எல்லாம் இடுப்பில் நிற்கவில்லை. இடுப்பைப் பிடித்துத் தைத்து வாங்கத்தான் மூன்று தெரு தள்ளி இருக்கிற அந்தத் தையல் கடைக்குப் போனார். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொடுத்திருக்கலாம். ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். கொண்டுபோகப் பேன்ட் எதுவும் மிச்சமில்லை என்றானபோது சட்டைப் பொத்தான்கள் விழ ஆரம்பித்தன. நான் கத்தரிக்கோலைத் தேடியபோது அது அவர் அறையில் கிடந்தது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எக்ஸ்ரேயிடம்கூடச் சொல்லிச் சிரிக்கலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

பிறகு மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. தையல்காரம்மா எழுதுகிறவர் இல்லை, பேசி அனுப்புகிறவர். மிஷின் சத்தத்துக்கு நடுவில், வேலைக்கு இடையில் அரை நிமிடம் பேசி அனுப்புவார். "டிரைவர் சார், சாப்பிட்டீங்களா? முழுசா சாப்பிட்டீங்களா, இல்ல பாதி ஸ்டாப்லயே இறங்கிட்டீங்களா?" இப்படி. அப்பா அதைச் சத்தமாக வைத்துக் கேட்பார், காது கொஞ்சம் மந்தம். நான் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்பேன். நான் தினமும் கேட்கிற அதே கேள்விதான் மேடம். நான் கேட்டால் "சாப்பிட்டேன் சாப்பிட்டேன்" என்று கையை ஆட்டுவார். அந்தம்மா கேட்டால் திரும்பப் போய் மிச்சத்தைச் சாப்பிடுவார்.

எனக்குப் பொறாமை. அதை வேறு பெயர் சொல்லி மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, "அவங்க வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு. நான் அங்க போய் இருக்கலாம்னு பாக்கறேன்" என்றார். நாளைக்கு வேறு பஸ்ஸில் போகிறேன் என்பதைப் போலச் சொன்னார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு ஊசி யாரு பாப்பாங்க?" என்றேன். "எனக்குக் கையில்லையா? நீயும்தான் எத்தன நாளைக்கு ஒரு கிழவனக் கட்டிக்கிட்டுக் கிடப்ப?" என்றார். என் நல்லதுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எக்ஸ்ரே தொடாதே என்று சொன்ன அந்தப் பட்டியலில், ரொம்பக் கீழே, பின்னணியில் எத்தனை ஆப் ஓடலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. வழக்கமான அளவு, நான்கு, மூன்று என்று குறைந்துகொண்டே போய் ஒன்றுமே வேண்டாம் என்பதும் உண்டு. அதை வைத்துவிட்டால், எதைத் திறந்து பார்க்கிறோமோ அது மட்டும்தான் உயிரோடு இருக்கும். திரையை அணைத்ததும் மற்றதெல்லாம் அடங்கிவிடும். போன் அடித்தால் அடிக்கும், ஆனால் மெசேஜ் வந்ததாகச் சத்தம் போடாது. அப்பா போனைத் தானாக எடுத்துப் பார்க்கிறவர் இல்லை. போன்தான் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தம்மாவோ இரண்டு மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் போன் போட்டுக் கேட்கிறவர் இல்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகாத ஆள். எனக்கு இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒன்றும் வேண்டாம் என்பதைத் தொட்டேன். சண்டை போடவில்லை, அழவில்லை, யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற அப்பாவை அறையில் பூட்டி வைக்கிற பிள்ளைகளை எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு மூன்று நாளில் அப்பா அடங்கிப்போனார். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். "கடையில வேலை ஜாஸ்தி போலிருக்கு" என்பார், நான் கேட்காமலே. கடைக்கு நேரில் போய்ப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனார். கடை வாசல் வரை போய், அந்தம்மா குனிந்து தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார். அவர் போன வழியில் நான் பின்னால் போயிருந்தேன், அதனால் தெரியும். திரும்பி வரும்போது ரொம்ப மெதுவாக நடந்தார். பாவமாக இருந்தது. அன்று அவருக்குப் பிடித்த சூப் வைத்துக் கொடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் என்னை நிறுத்தினீர்கள். நான் முதலில் சொன்னபோது, ஒரே ஒரு தடவை அதை மாற்றினேன், பிறகு மறந்தே போய்விட்டேன் என்று சொன்னேன். நீங்கள் அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டு, போனை அணைத்துப் போட்டால் அந்த வரம்பு தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று உங்கள் ஆட்கள் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்பா எப்போதாவது போனை அணைப்பாரா என்று கேட்டீர்கள்.

தினமும் அணைப்பார் மேடம். காலையில் குளிக்கப் போகும்போது அணைத்துவிட்டு, குளித்து முடித்து வந்து போடுவார். "இன்ஜின ஆற விடணும். ராத்திரி பூரா ஓடியிருக்கு பாவம்" என்பார். போனுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். வண்டியை அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை என்று பெருமை பேசுவார். அதைப் பற்றி அவரிடம் வாதாட முடியாது.

அதனால் ஒரு தடவை என்று நான் சொன்னது சரியில்லை. தினமும் செய்தேன். அவர் போனைப் போட்டுவிட்டுத் தலை துவட்டுவார், சட்டையைத் தேடுவார். அந்த நேரத்துக்குள் நான் செய்துவிடுவேன். பிறகு நானே அதை அவர் சட்டைப் பையில் வைத்து, "போன் பையில இருக்குப்பா, மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. அந்தச் சமயத்தில் அலாரத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அலாரம் என்றால் போனோடு சேர்ந்தது, அது எப்படியும் கத்தும் என்று இருந்துவிட்டேன். இதை நீங்கள் நம்பலாம். ஒரு சாயங்காலம் வரைக்கும் இது உண்மை.

அந்தச் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அப்பா கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. "அடுத்த ஸ்டாப் எது? இறங்கணும், இறங்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தாடையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். அழுதுகொண்டேதான் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார். "என்ன மேனேஜர், ஏன் அழற?" என்று கேட்டார். ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அதன் பிறகு அவர் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தேன். திறந்த பிறகுதான் அது விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அப்போது எனக்குப் புரிந்தது. அலாரத்தை என்று நான் தனியாக நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தியதில் அலாரமும் ஒன்று.

அன்றே வரம்பை எடுத்துவிட்டுப் போனை அவர் சட்டைப் பையில் வைத்தேன். வைத்ததும் தையல்காரம்மாவின் மெசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. சட்டைப் பையே அதிர்ந்தது. அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். "டிரைவர் சார், கோவமா?" என்று ஒன்று. "பரவால்ல, நான் ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று ஒன்று. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் போன்ல ஏதோ கோளாறு. வந்ததெல்லாம் எனக்குச் சொல்லாம வச்சிருக்கு பாரு. நீ கொஞ்சம் பாரேன் மேனேஜர், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

நான் வாங்கிப் பார்த்தேன். அங்கே இங்கே தட்டினேன். "சரி பண்ணிட்டேன்பா" என்று கொடுத்தேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் எதையும் தொடவில்லை. ஒழுங்காக இருந்தேன். அதன் பலன் என்ன ஆனது தெரியுமா? அந்தம்மா ஒருநாள் அனுப்பினார், "மாடி ரூம கூட்டித் துடைச்சாச்சு. அலமாரில ரெண்டு தட்டு உங்களுக்கு. எப்ப வரீங்களோ வாங்க." அப்பா அதை மூன்று தடவை வைத்துக் கேட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று தடவையும் கேட்டேன்.

அன்று அவரிடம் பேசினேன். மானத்தை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேசினேன். "போகாதீங்கப்பா. எனக்கு யாரு இருக்கா?" என்றேன்.

"நான் எங்க போறேன்? மூணு தெரு. நீ நெனச்சா டீ ஆறுறதுக்குள்ள வந்துடலாம்."

"அது இல்லப்பா."

"எது இல்ல?"

காலையில் நான் கிளம்பும்போது ஜன்னலில் யார் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பி வரும்போது வீட்டில் விளக்கு எரியாது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நாற்பது வயது தாண்டிய பெண் தன் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வாள்? அவர் என் தலையில் கையை வைத்து, "நீயும் கொஞ்சம் வெளிய வா, கண்ணு. உனக்கும் ஒரு வாழ்க்க இருக்கு" என்றார். எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது, அந்தப் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது போனை எடுத்தேன். மறுபடியும் தினமும் செய்ய ஆரம்பித்தேன். ஆமாம், அலாரம் கத்தாது என்று தெரிந்துதான். நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட வேண்டும் என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். கட்டில் பக்கத்தில் பழச்சாறு வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் ஜாக்கிரதையாக இருந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது.

அப்பா ஏமாறவில்லை இந்தத் தடவை. மெசேஜ் வராவிட்டால் என்ன, அவரே நேராகப் போய் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு வந்தார். "போன் மறுபடி படுத்துக்கிச்சு. போகட்டும், இனிமே அது எதுக்கு?" என்றார். அதே வாரம் டாக்டரிடம் போனோம். டாக்டர் மத்தியான ஊசியின் அளவைக் கூட்டினார். கூட்டினால் என்ன ஆகும் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். "முதல் ரெண்டு நாள் இறங்கப் பாக்கும். அலாரம் கத்தினா உடனே இனிப்பு குடுங்கம்மா. அது மேல ஒரு கண்ணு வச்சுக்குங்க." நான் தலையை ஆட்டினேன். டாக்டர்கள் எப்போதும் என்னிடம்தான் சொல்வார்கள். பொறுப்பான பெண் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள்தான் அப்பா கிளம்புவதாக இருந்தது. காலையிலேயே பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். நிற்காத கல்யாணத்திலிருந்து நான் கொண்டுவந்த அதே பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பழைய டூட்டிப் பெட்டி. "மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுட்டு, நீ வந்ததும் சொல்லிட்டுக் கிளம்பறேன்" என்றார். சென்சார் மாற்ற வேண்டிய நாள் அது. பழையதைப் பிரித்துப் புதியதை அவர் கையில் ஒட்டிவிட்டேன். "வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "நீ ஒட்டினா எங்க வலிக்குது" என்றார். சென்சார் போனோடு சேர்ந்துவிட்டதா என்று பார்த்தேன். சேர்ந்திருந்தது. பிறகு அவர் சட்டையைத் தேடப் போனார். நான் பட்டியலைத் திறந்து, கீழே போய், ஒன்றும் வேண்டாம் என்பதைத் தொட்டேன். போனைப் பையில் வைத்தேன். பையைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

பல் மருத்துவமனையில் அன்று கூட்டம். மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்தபோது என் போனில் அப்பாவின் அளவைப் பார்த்தேன். ஊசி போட்டுக்கொள்ளும்போது அளவு பார்க்க அந்த ஆப்பைத் திறந்திருப்பார் போல. அதுவரைக்குமான கோடு இருந்தது. கடைசியில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே வந்து, "என்ன, போன் மறுபடி மக்கர் பண்ணுதா?" என்றாள். "இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போன் அடித்திருக்கும், அதை நான் நிறுத்தவில்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் தூங்குகிற மனுஷரை எழுப்பினால், எழுந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று தோன்றியது.

நான் எப்போது மருத்துவமனையை விட்டுக் கிளம்பினேன், ஆம்புலன்ஸை எப்போது கூப்பிட்டேன், நடுவில் ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். மருத்துவமனையிலிருந்து வீடு பக்கம்தான்.

அப்பா கட்டிலில் இருந்தார். உயிரோடு இருந்தார் மேடம். மூச்சு வந்துகொண்டிருந்தது, குறட்டை மாதிரி. முகமெல்லாம் வியர்வை. துண்டை நனைத்துத் துடைத்தேன். கண்ணைக் கொஞ்சம் திறந்தார். யாரைப் பார்த்தார் என்று தெரியவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேனேஜர் என்றுதான் சொல்லியிருப்பார்.

பையிலிருந்து போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தேன். திறந்ததும் அலாரம் கத்தியது. அவருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று உடனே நிறுத்தினேன். மெசேஜ் பக்கத்தைத் திறந்ததும் தையல்காரம்மாவின் மெசேஜ்களும் வந்தன. "தூங்கறீங்களா டிரைவர் சார்? எழுந்து மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று கடைசி மெசேஜ். அந்தம்மாவைக் காக்க வைப்பது தப்பு என்று பட்டது. 'அப்பா தூங்குறாங்க. இன்னிக்கு வர மாட்டாங்க' என்று எழுதி அனுப்பினேன். அதைத்தான் அவர் உங்களிடம் காட்டியிருக்கிறார். அப்பா எழுதி அனுப்புகிறவர் இல்லை என்பதால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

சமையலறையில் சர்க்கரை இருந்தது. எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டில் பக்கத்தில் பழச்சாறும் இருந்தது, திறக்காமல். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். எழுந்து போய் அதைக் கரைத்துக் கொடுத்தால் கண்ணுக்குள் ஆள் திரும்பி வருவார், "என்ன மேனேஜர்" என்பார், பெட்டி வாசலில் இருந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை என்றால் நம்புவீர்களா? அவர் கை என் கைக்குள் இருந்தது. அவ்வளவு நேரம் அவர் என் பக்கத்தில் இருந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, எதுவும் சத்தம் போடவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது, நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது நின்று, கை குளிர ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நான்தான் செய்தேன். அந்த வரம்பைப் போட்டதும் நான்தான், உட்கார்ந்திருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். நான் அப்பாவைத் தனியாகச் சாக விட்டதாக அந்தம்மா சொல்லியிருக்கிறார். அதை மட்டும் எழுதாதீர்கள் மேடம், கடைசி வரைக்கும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.